ஓர் ஆள் ஓட்டும் பாய்ப்படகு

காரின் கூரைமேல் கட்டி எடுத்துச் செல்லக்கூடிய பாய்ப்படகு ஒன்றை வடிவமைத்துத் தருமாறு உங்களை ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை ஓர் ஆளே ஓட்ட வேண்டும். இரண்டு பேர் தூக்கினால் கார்மேல் ஏறிவிட வேண்டும். விலை குறைவாக இருக்க வேண்டும். கவிழ்ந்தாலும் மூழ்கக் கூடாது. ஓட்டுபவருக்கு உற்சாகம் தரும் வேகமும் வேண்டும். எந்த அளவிலிருந்து நீங்கள் கணக்கைத் தொடங்குவீர்கள்? நீளத்திலிருந்தா? பாயின் பரப்பிலிருந்தா?

இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. 1969ஆம் ஆண்டில் கனடாவின் மான்ட்ரியால் நகரைச் சேர்ந்த இயன் புரூஸ் என்ற தொழில் வடிவமைப்பாளர், படகு வடிவமைப்பாளரான புரூஸ் கிர்பியிடம் தொலைபேசியில் ஏறத்தாழ இதையே கேட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே கிர்பி கையருகில் இருந்த தாளில் ஒரு படகின் உருவத்தைக் கிறுக்கினார். படகைக் கேட்ட வணிக நிறுவனம் பிறகு அதில் ஆர்வம் காட்டவில்லை. ஆனாலும் நண்பர்கள் இருவரும் அதைக் கைவிடவில்லை. 1970 அக்டோபரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், விலை குறைந்த படகுகளுக்கென ஒரு போட்டி நடந்தது. ஹான்ஸ் ஃபோ என்பவர் தைத்த பாயுடன் முன்மாதிரிப் படகு அதில் இறங்கியது. பாயில் சில திருத்தங்கள் செய்தபின் தன் பிரிவில் எளிதாக வென்றது. 1971 ஜனவரியில் நியூயார்க் படகுக் கண்காட்சியில் 'லேசர்' என்ற பெயரில் அது உலகுக்கு அறிமுகமாயிற்று. இதுவரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட லேசர் படகுகள் செய்யப்பட்டுள்ளன. 1996 முதல் ஒலிம்பிக் போட்டிகளிலும் அது இடம்பெற்று வருகிறது. 2019 முதல் போட்டிகளில் அதற்கு 'இல்கா' என்று பெயர்.

கிர்பி வரைந்த கிறுக்கலுக்குப் 'பத்து லட்சம் டாலர் கிறுக்கல்' என்று பின்னாளில் வேடிக்கையாகப் பெயர் வந்தது. அதிலிருந்து பிறந்த படகின் அளவுகள் இவை: நீளம் 4.23 மீட்டர். அகலம் 1.37 மீட்டர். பாய்மரமும் பாயும் இல்லாத வெறும் கூட்டின் எடை 59 கிலோகிராம். பாயின் பரப்பு 7.06 சதுர மீட்டர்.

இந்த நான்கு எண்களில் ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றும் கேள்விக்கு உள்ளாகும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஐந்தாவது எண் ஒன்று உண்டு. அது பட்டியலில் இல்லை. அது படகில் ஏறி உட்காரும் மனிதரின் எடை! அது ஏன் என்று பார்ப்போம்.

காற்றுக்கும் நீருக்கும் இடையில்

பாய்ப்படகு காற்று வீசும் திசையில் மட்டுமே போகும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. பாய் என்பது காற்றைத் திசை திருப்பும் ஒரு வளைந்த பரப்பு. பறவையின் இறக்கையைப் போன்றது. காற்றைப் பாய் ஒரு பக்கம் திருப்புகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று பாயை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. காற்றுக்குச் சற்று எதிராகப் படகு செல்லும்போது இந்த விசையில் ஒரு சிறு பகுதிதான் படகை முன்னே இழுக்கும். பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் தள்ளும்.

பக்கவாட்டில் போக யாருக்கும் விருப்பம் இல்லை. எனவே படகின் நடுவில் உள்ள ஒரு நீண்ட துளை வழியாக ஒரு பலகையை நீருக்குள் இறக்குகிறார்கள். கத்தியை அதன் கூர்முனைத் திசையில் நீரில் இழுப்பது எளிது. அதன் அகன்ற பக்கத்தால் நீரைத் தள்ளுவது கடினம். இந்தப் பலகையும் அவ்வாறே. முன்னே செல்ல இடம் கொடுக்கும். பக்கவாட்டில் நகர விடாது. நம் கரையோரக் கட்டுமரங்களில் பாய் விரித்துச் சென்ற மீனவர்களும் இதற்காகவே நீருக்குள் ஒரு பலகையைச் செருகினார்கள்.

இவ்வாறு பக்கவாட்டு விசையைப் பலகை தாங்கிக்கொள்கிறது. மிச்சமாக நிற்கும் முன்னோக்கு விசையில் படகு ஓடுகிறது. நேராகக் காற்றை எதிர்த்துப் போக முடியாது. ஆனால் இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்வாக ஓட்டினால், காற்று எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்துக்கே போய்ச் சேரலாம்.

கவிழ்க்கும் திறனும் நிமிர்த்தும் திறனும்

இங்கேதான் ஒரு சிக்கல் முளைக்கிறது. பாயின் மேல் காற்று தள்ளுவது உயரத்தில். பலகையின் மேல் நீர் எதிர்த்துத் தள்ளுவது ஆழத்தில். எதிரெதிர்த் திசையில், வெவ்வேறு மட்டத்தில் இரண்டு விசைகள் செயல்பட்டால் என்ன ஆகும்? இயற்பியல் பாடத்தில் படித்த இரட்டை விசையை நினைவுகூருங்கள். படகு சுழலும், அதாவது கவிழும்.

பெரிய பாய்க்கப்பல்களில் இதைத் தடுக்க அடிப்பகுதியில் ஈயத்தையோ இரும்பையோ பாரமாக வைப்பார்கள். நம் படகில் அது முடியாது. இருநூறு கிலோ ஈயத்தைக் காரின்மேல் யார் தூக்கி வைப்பது? ஆகவே பாரமாக இருக்க வேண்டியவர் படகோட்டியே. அவர் காற்று வரும் பக்கத்து விளிம்பில் உட்காருகிறார். படகின் தரையில் கட்டியுள்ள பட்டையில் பாதங்களை மாட்டிக்கொண்டு, உடலைப் படகுக்கு வெளியே நீட்டிச் சாய்கிறார். சீசா பலகையில் நுனியில் உட்காரும் சிறுவன், நடுவருகே உட்கார்ந்திருக்கும் பெரியவரைத் தூக்கிவிடுவது போலத்தான் இதுவும்.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போமா? படகோட்டியின் எடை 80 கிலோ எனக் கொள்வோம். அவர் வெளியே சாயும்போது அவருடைய ஈர்ப்பு மையம் படகின் நடுக்கோட்டிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால், நிமிர்த்தும் திருப்புத்திறன் 80 × 10 × 1 = 800 நியூட்டன்-மீட்டர்.

பாயின் விசை மையத்துக்கும் பலகையின் விசை மையத்துக்கும் இடையே உள்ள உயரம் ஏறத்தாழ 3 மீட்டர். எனவே பாயின் பக்கவாட்டு விசை 800 ÷ 3, அதாவது சுமார் 267 நியூட்டன் வரை போகலாம். அதற்கு மேல் போனால் படகு சாயும். பாயைத் தளர்த்திக் காற்றை வெளியே விட்டாக வேண்டும்.

7 சதுர மீட்டர்ப் பாயில் இவ்வளவு விசையை உண்டாக்கக்கூடிய காற்றின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். கரையோரங்களில் பிற்பகல் நேரத்தில் சாதாரணமாகவே வீசக்கூடிய காற்று அது. அந்த வேகத்துக்கும் குறைந்த காற்றில் பாய் போதாதது போல் தோன்றும். மிகுந்த காற்றில் பாய் அதிகமாகத் தோன்றும். 7.06 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்குகிறது அல்லவா? அது சுமார் 80 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலுக்கு ஏற்ற பாய்.

நீங்கள் 40 கிலோ என்றால்?

இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களில் பலருக்கு 80 கிலோ எடை இராது. 40 கிலோ எடையுள்ள ஒரு மாணவி அதே படகில், அதே பாயுடன் ஏறினால் என்ன நடக்கும்?

அவர் தரக்கூடிய நிமிர்த்தும் திறன் பாதி, அதாவது 400 நியூட்டன்-மீட்டர். தாங்கக்கூடிய பாயின் விசையும் பாதி, 133 நியூட்டன். ஆனால் காற்றின் வேகம் பாதியாக வேண்டியதில்லை. காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. விசை பாதியாக வேண்டுமானால் வேகம் 2இன் வர்க்கமூலத்தால் வகுபட வேண்டும். 25ஐ 1.41ஆல் வகுத்தால் சுமார் 18 வரும். ஆகவே மணிக்கு 18 கிலோமீட்டர்க் காற்றிலேயே அவர் திணறத் தொடங்குவார். அதற்குமேல் வீசும் காற்று அவருக்குத் தொல்லை. இன்னும் வலுத்தால் ஆபத்து.

இதே சட்டத்தைத் திருப்பியும் பயன்படுத்தலாம். படகைப் புதிதாகச் செய்ய வேண்டாம். பாயைச் சிறியதாக்கினால் போதும். பாய்மரத்தின் கீழ்த் துண்டைக் குட்டையானதாக மாற்றி, 4.7 சதுர மீட்டர்ப் பாயைப் பொருத்துகிறார்கள். பரப்பு மூன்றில் இரண்டு பங்காகிறது. அதனால் மட்டுமே அந்த மாணவி தாங்கக்கூடிய காற்றின் வேகம் 18லிருந்து 22 கிலோமீட்டராக உயர்கிறது. பாயின் விசை மையமும் கீழே இறங்குவதால் இன்னும் சிறிது ஆதாயம் கிடைக்கிறது. 5.76 சதுர மீட்டரில் நடுத்தர எடையினருக்கான பாயும் உண்டு. கூடு ஒன்றே, பாய்கள் மூன்று.

நம் நாட்டிலிருந்தே இதற்குச் சான்று காட்டலாம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் பெரிய பாயிலும், சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் நடுத்தரப் பாயிலும் போட்டியிட்டார்கள். ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா. 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் சிறுமியர் பிரிவில், சிறிய பாயில், நேகா தாக்கூர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். மூவரும் உட்கார்ந்தது ஒரே வடிவமுள்ள கூட்டில்தான்.

இன்னொரு தந்திரமும் இதில் உண்டு. இந்தப் பாய்மரத்தைக் கம்பிகளால் இழுத்துக் கட்டுவதில்லை. அலுமினியக் குழாய்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, பாயின் ஓரத்தில் தைத்த உறைக்குள் நுழைத்து, படகின் துளையில் நட்டுவிடுகிறார்கள். காரில் எடுத்துச் செல்ல வசதி. அதோடு, திடீரென்று காற்று ஓங்கி வீசினால் பாய்மரத்தின் மேற்பகுதி வளைந்து கொடுக்கிறது. பாயின் வளைவு தட்டையாகிறது; விசை குறைகிறது. புயலில் நாணல் வளைவது போல!

நீரைத் தள்ளுவதா, நீர்மேல் சறுக்குவதா?

இனி வேகத்துக்கு வருவோம். மெதுவாகச் செல்லும் படகு நீரை இருபுறமும் விலக்கிக்கொண்டு போகிறது. அப்போது அதன் அணியத்தில், அதாவது முன்முனையில், ஓர் அலை எழும்புகிறது. வேகம் கூடக் கூட இந்த அலையின் நீளமும் கூடும். அலையின் நீளம் படகின் நீர்மட்ட நீளத்துக்குச் சமமாகும்போது, படகு தான் உண்டாக்கிய இரண்டு முகடுகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் அகப்பட்டுக்கொள்கிறது. இன்னும் வேகமாகப் போக வேண்டுமானால் தன் அலைமேல் தானே ஏற வேண்டும்.

இந்த எல்லை வேகத்தை எளிதில் கணக்கிடலாம். நீர்மட்ட நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.25ஆல் பெருக்கினால் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று விடை வரும். லேசர் படகின் நீர்மட்ட நீளம் 3.81 மீட்டர். விடை சுமார் 2.44, அதாவது மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஓடிவரும் சிறுவன் தோற்கடித்துவிடுவான்!

படகை நீளமாக்கினால் எல்லை உயரும். ஆனால் கார் இடம் கொடுக்காது. குறுகலாக்கினால் அலை சிறிதாகும். ஆனால் படகோட்டி நடுக்கோட்டிலிருந்து விலகி உட்கார முடியாது, நிமிர்த்தும் திறன் குறைந்துவிடும். ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

இதற்குக் கிர்பி கண்ட வழி படகின் பிற்பகுதியில் இருக்கிறது. அங்கே அடிப்பாகம் அகன்று, ஏறக்குறையத் தட்டையாக இருக்கிறது. காற்று வலுக்கும்போது இந்தத் தட்டைப் பரப்பின்மேல் நீர் மோதிப் படகை மேலே தூக்குகிறது. குளத்தில் சாய்வாக எறிந்த ஓட்டுச்சில்லு தத்தித் தத்திப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போலவே படகு நீரை விலக்குவதை விட்டு, நீர்மேல் சறுக்கத் தொடங்குகிறது. அப்போது எல்லை வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேலும் போக முடியும்.

ஆனால் எழும்புவதற்கு எடை குறைவாக இருக்க வேண்டும். மீண்டும் எடையிடமே வந்துவிட்டோம்! மனிதரின் எடையைக் குறைக்க முடியாது. அது நிமிர்த்தும் திறனுக்கு வேண்டும். எனவே குறைக்கக்கூடியது கூட்டின் எடை மட்டுமே.

கண்ணாடியால் ஒரு கூடு

கண்ணாடி என்றதும் நொறுங்கும் பொருள் என்றுதான் நினைப்போம். ஆனால் கண்ணாடியை உருக்கித் தலைமயிரை விட மெல்லிய இழையாக இழுத்தால் அதன் குணம் மாறிவிடுகிறது. சாதாரணக் கண்ணாடித் தகடு உடைவதற்குக் காரணம் அதன் பரப்பில் உள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். மெல்லிய இழையில் அத்தகைய கீறல்களுக்கு இடம் மிகக் குறைவு. ஆகவே அதை இழுத்து அறுப்பது கடினம்.

இழைக்கு இழுவிசையைத் தாங்கத் தெரியும். ஆனால் நூலைப் போல அது துவண்டுவிடும். பாலியெஸ்டர் ரெசின் என்னும் செயற்கைப் பிசின் இறுகி உருவம் தரும். ஆனால் தனியாக இருந்தால் எளிதில் விரிசல் விடும். இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. சிமெண்டுக் கலவையும் இரும்புக் கம்பியும் சேர்ந்து வீட்டுக் கூரையைத் தாங்குவதில்லையா? அதே கொள்கைதான். நம் கடற்கரை ஊர்களில் 'ஃபைபர் படகு' என்று அழைக்கப்படும் மீன்பிடி படகுகளும் இதே பொருளால் ஆனவைதாம். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் அவை நம் கரைகளில் மிகவும் பெருகின.

கூட்டை எவ்வாறு செய்கிறார்கள்? முதலில் படகின் வெளிவடிவத்தைக் கொண்ட பள்ளமான அச்சு ஒன்றைச் செய்து, உட்புறத்தைக் கண்ணாடி போல் மெருகேற்றி, மெழுகு தடவுகிறார்கள். அதன்மேல் நிறம் கலந்த ஜெல் பூச்சு. அதுவே பின்னால் படகின் வழவழப்பான வெளித்தோல் ஆகும். அதன்மேல் கண்ணாடி இழைப் பாயை விரித்து, கெட்டியாக்கும் பொருள் கலந்த ரெசினை ஊற்றி, உருளையால் அழுத்தி, காற்றுக் குமிழ்களை வெளியேற்றுகிறார்கள். ரெசின் வெப்பத்தை வெளியிட்டபடி இறுகுகிறது. பிறகு அச்சிலிருந்து கூட்டைப் பிரித்தெடுக்கிறார்கள். மேல்தளத்தைத் தனி அச்சில் வார்த்துக் கூட்டோடு ஒட்டுகிறார்கள். ஒரே அச்சிலிருந்து வருவதால் எல்லாப் படகுகளும் ஒரே வடிவம். போட்டியில் வெல்வது படகா, ஆளா என்ற சந்தேகத்துக்கு இடம் இல்லை.

கூட்டின் அடிப்பாகம் வளைந்திருப்பதால் தானாகவே விறைப்பாக இருக்கிறது. ஆனால் மேல்தளம் ஏறக்குறையத் தட்டை. அதன்மேல் ஆள் உட்கார வேண்டும். மெல்லியதாகச் செய்தால் தொய்யும். தடிமனாகச் செய்தால் எடை ஏறும். இங்கே ஒரு கணக்கு உதவுகிறது. ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. தடிமனை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு! வளையும்போது தகட்டின் மேற்பரப்பும் கீழ்ப்பரப்பும்தான் பெரும்பளுவைத் தாங்குகின்றன. நடுப்பகுதி அவற்றைப் பிரித்து வைக்கும் வேலையைச் செய்கிறது. அப்படியானால் நடுவில் கனமான பொருள் எதற்கு? இலேசான பிளாஸ்டிக் நுரையை நடுவில் வைத்து, இருபுறமும் மெல்லிய கண்ணாடி இழைத் தோலை ஒட்டினால் போதும். எடை சிறிதே கூடுகிறது, விறைப்போ பன்மடங்காகிறது.

கண்ணாடி இழைக்குக் குறைகளும் உண்டு. அது மட்குவதில்லை, உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. பழைய கூடுகளை என்ன செய்வது என்பது இன்று பல நாடுகளில் ஒரு சிக்கலாகவே இருக்கிறது. அதை அறுக்கும்போது கிளம்பும் தூளும், ரெசினின் ஆவியும் உடலுக்குத் தீங்கானவை.

கவிழ்ந்தால்?

மரத்துண்டு நீரில் மிதக்கும். கண்ணாடி இழைத் துண்டு மிதக்காது. அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியைப் போல ஒன்றரை மடங்கு. அப்படியானால் இந்தப் படகு கவிழ்ந்தால் மூழ்கிவிடாதா?

மூழ்காது. கூடும் மேல்தளமும் சேர்ந்து நன்கு மூடிய ஒரு காற்றறை ஆகின்றன. அதனுள் நுரைக் கட்டிகளையோ காற்றடைத்த கலன்களையோ வேறு வைக்கிறார்கள். கூட்டில் ஓட்டை விழுந்தாலும் அவை மிதப்பைத் தரும். கால் வைக்கும் குழி வேண்டுமென்றே சிறியதாகவும் ஆழம் குறைந்ததாகவும் இருக்கிறது. அதில் தங்கக்கூடிய நீர் கொஞ்சமே. படகு ஓடும்போது அடியிலுள்ள ஒரு சிறு திறப்பு அந்த நீரையும் உறிஞ்சி வெளியேற்றிவிடும்.

படகு பக்கவாட்டில் கவிழ்ந்து, பாய் நீரில் படுத்திருக்கிறது என்று கொள்வோம். படகோட்டி மறுபுறம் நீந்திச் சென்று, கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும் பலகையின்மேல் ஏறி நிற்கிறார். விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்கிறார். மறுபடியும் எடையும் தூரமும், மறுபடியும் திருப்புத்திறன்! படகு மெல்ல நிமிர்கிறது. இது இந்த விளையாட்டில் விபத்தன்று. முதல் நாளே கற்றுக்கொடுக்கும் பாடம்.

ஆனால் இரண்டு விதிகளுக்கு விலக்கே இல்லை. உயிர்காப்புச் சட்டை அணியாமல் இறங்கக் கூடாது. படகை நிமிர்த்த முடியாமற்போனாலும் அதை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தக் கூடாது. மிதக்கும் படகு உங்களையும் தாங்கும். தேடி வருபவர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

செய்து பாருங்கள்

ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள தெர்மகோல் தகட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இரண்டு பட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே வைத்துவிடுங்கள். மற்றதன் மேலும் கீழும் அதே அளவுள்ள கெட்டித் தாளை மைதாப் பசையால் நன்கு ஒட்டி, ஒரு நாள் காயவிடுங்கள். இரண்டு புத்தக அடுக்குகளுக்கு இடையே பட்டையைப் பாலம் போல் வைத்து, நடுவில் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். ஒவ்வொரு பட்டையும் எவ்வளவு தொய்கிறது என்று அளவுகோலால் அளந்து எழுதுங்கள். பிறகு தாளை மேற்புறம் மட்டும் ஒட்டி இன்னொரு பட்டை செய்து பாருங்கள். பலன் ஏன் குறைகிறது?

இறுதியாக ஒரு கணக்கு. உங்கள் எடையைக் கிலோவில் எழுதி, 10ஆல் பெருக்கி, 3ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெளியே சாய்ந்து தாங்கக்கூடிய பாயின் விசை அதுதான், நியூட்டனில். 80 கிலோ எடைக்கு 7 சதுர மீட்டர்ப் பாய் என்றால், மணிக்கு 25 கிலோமீட்டர்க் காற்றில் உங்களுக்கு எத்தனை சதுர மீட்டர்ப் பாய் பொருந்தும்? விடை கிடைத்ததும், மேலே சொன்ன மூன்று பாய்களில் எது உங்களுடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.